பாடத்தில் இல்லை

திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டு, பல ஆண்டுகள் காலாவதியான சி++ மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். முதல் சில ஆண்டுகளுக்கு அது உண்மையும்கூட. அதற்குப் பிறகு தெரிந்தே செய்தேன். தெரிந்து செய்ததைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் இருந்தது டர்போ சி++ 3.0. போர்லண்ட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட கம்பைலர். நீலத் திரை, ஆல்ட் எஃப்9 அழுத்தினால் கம்பைல் ஆகும், கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் ஓடும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே நிரல் எழுதுவது என்றால் அந்த நீலம்தான் நினைவுக்கு வரும். விண்டோஸின் புதிய பதிப்புகளில் டர்போ ஓட மறுத்தபோது டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளை நடுவில் வைத்து, புதுக் கணினியைப் பழைய கணினி மாதிரி நடிக்கவைத்து ஓட்டினோம். அதே நேரத்தில் புதிய கம்பைலர்கள் இலவசமாகவே கிடைத்தன. இறக்கி நிறுவ அரை மணி நேரம் ஆகியிருக்காது.

சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்தது 1998-இல். அதாவது நாங்கள் வைத்திருந்தது மொழிக்குச் சட்டம் எழுதி முடிப்பதற்கு முன்பே வந்த கம்பைலர். உண்மை-பொய்யைக் குறிக்கும் 'பூல்' என்ற வகை அதற்குத் தெரியாது. 'நேம்ஸ்பேஸ்' தெரியாது. பிழை வந்தால் பிடித்துக் கையாளும் 'எக்செப்ஷன்' தெரியாது. முழு எண்ணுக்கு இரண்டே பைட் ஒதுக்கும். 32,767-உடன் ஒன்றைக் கூட்டினால் கழித்தல் 32,768 என்று காட்டும். நான் அதைக் கரும்பலகையில் போட்டு, ஏதோ இயற்கை விதி மாதிரி விளக்கியிருக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் வேடசந்தூர்ப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவான். அண்ணன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தான். லீவுக்கு வந்தபோது தன் லேப்டாப்பில் இவனுக்குப் புதிய கம்பைலரைக் காட்டியிருக்கிறான். திருப்புதல் தேர்வில் இவன் 'வாய்டு மெயின்' என்று தொடங்காமல் 'இன்ட் மெயின்' என்று தொடங்கினான். 'ஐஓஸ்ட்ரீம்' என்ற பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 'ஹெச்' போடவில்லை. 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' என்று ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தான். அத்தனையையும் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'பாடத்தில் இல்லை' என்று எழுதி மார்க்கைக் குறைத்தேன்.

பேப்பர் கொடுத்த அன்று மேசைப் பக்கம் வந்தான்.

"சார், எங்க அண்ணன் லேப்டாப்ல இப்படி எழுதுனாத்தான் ஓடுது. நம்ம லேப்ல எழுதுறதப் போட்டா எரர் காட்டுது. இதையெல்லாம் மாத்துறது யாரு சார்?"

"அதெல்லாம் அமெரிக்காக்காரன் முடிவு பண்றது. நமக்கெதுக்குப்பா அது? புத்தகத்துல இருக்கிறத எழுது, மார்க்கு வரும்."

வகுப்பே சிரித்தது. அவன் பேசாமல் போய் உட்கார்ந்தான். என் பதிலில் மார்க்கு வரும் என்பதைத் தவிர வேறு எதுவும் உண்மை இல்லை.

அப்போதே என் வீட்டு அலமாரியில் பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் எழுதிய சி++ புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு இருந்தது. 1997-இல் வந்த பதிப்பு. மொழியைப் படைத்தவரே எழுதியது. அதில் 'மெயின்' எப்போதும் 'இன்ட்' தான். நான் அந்தப் பக்கங்களைப் பார்த்தவன். பார்த்துவிட்டுத்தான் அந்தப் பையனுக்குச் சிவப்பு மை வைத்தேன்.

ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு கேடயம் உண்டு: அந்தக் காலத்துப் பிளஸ் டூ பாடப்புத்தகத்திலும் 'வாய்டு மெயின்' தானே இருந்தது? பொதுத்தேர்வில் திருத்துகிறவர் கையில் இருக்கிற விடைக்குறிப்பை ஒட்டி எழுதினால்தானே பிள்ளைக்கு நல்லது? இது நியாயம்தான். ஆனால் திருப்புதல் தேர்வு என்னுடையது, விடைக்குறிப்பும் என்னுடையது. முழு மார்க்கும் போட்டுவிட்டு, "நீ எழுதியதுதான் இன்றைக்குச் சரி, பொதுத்தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடி எழுது" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் வகுப்பில் வேறு யாராவது, "அப்ப நீங்க ஏன் சார் இதை நடத்துறீங்க?" என்று கேட்டிருப்பார்கள். அதற்குத்தான் பயந்தேன்.

நோட்ஸும் ஒரு காரணம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் என் நோட்ஸ் ஸ்பைரல் பைண்டிங் போட்டு விற்றுக்கொண்டிருந்தது. மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் வாங்குவார்கள். மொழி மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டால் பக்கத்துக்குப் பக்கம் மாற்ற வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஃபார்' சுழற்சிக்குள் அறிவித்த மாறி, சுழற்சி முடிந்த பிறகும் டர்போவில் உயிரோடு இருக்கும். தரத்தின்படி அது சுழற்சியோடு முடிந்துவிட வேண்டும். நான் அந்தப் பழைய நடத்தையை வைத்து, "இந்த நிரலின் வெளியீடு என்ன?" என்று கேள்வியே தயாரித்து, அதை 'முக்கிய வினா' என்று நட்சத்திரம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பின்னாளில் வேறொரு மாணவன் சென்னையில் வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தான். முழு எண்ணுக்கு எத்தனை பைட் என்று கேட்டார்களாம். இரண்டு என்றிருக்கிறான். எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, எந்த வருஷத்துக் கம்பைலர்?" என்று கேட்டாராம். அவன் இதை என்னிடம் தமாஷாகத்தான் சொன்னான். இப்படித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று அவன் சொல்லவே இல்லை. அன்று ராத்திரிதான் அந்தப் பழைய கேள்விக்குப் பதிலைத் தேடத் தொடங்கினேன். இதையெல்லாம் மாற்றுவது யார்?

முதலில், 'அமெரிக்காக்காரன்' என்று நான் சொன்ன ஸ்ட்ரௌஸ்ட்ரப் டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்தில் பிறந்தவர். 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலையைத் தொடங்கினார் என்பது மெய். ஆனால் மொழியை அவர் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1989 கடைசியில் அமெரிக்கத் தரக் குழு ஒன்று கூடியது; 1991-இல் சர்வதேசத் தர நிறுவனமான ஐஎஸ்ஓவின் கீழ் ஒரு பணிக்குழு அமைந்தது. அந்தக் குழுதான் இன்றுவரை மொழியில் எது சேரலாம், எது சேரக்கூடாது என்று தீர்மானிக்கிறது. ஸ்ட்ரௌஸ்ட்ரப் அங்கே ஓர் உறுப்பினர். மதிப்புள்ள உறுப்பினர்தான், ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் நடந்துவிடாது.

புதிய அம்சம் ஒன்று வேண்டுமென்றால் யாராவது ஒருவர் ஒரு தாள் எழுத வேண்டும். என்ன குறை, என்ன மாற்றம், ஏற்கெனவே எழுதிய நிரல்கள் எதுவும் உடையுமா, வேறு மொழிகளில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றெல்லாம். தாளுக்கு ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்தால் எவரும் படிக்கலாம். கூட்டத்தில் யாராவது அதை ஏந்திப் பேச வேண்டும். அந்தத் துறைக்கான சிறு குழு முதலில் பார்க்கும். பிறகு மொழியின் வளர்ச்சியைப் பார்க்கும் குழு, 'யோசனை நல்லதா' என்று கேட்கும். அதற்கும் பிறகு வாசகத்தைப் பார்க்கும் குழு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கும். ஒரு வரியை இரண்டு கம்பைலர்க்காரர்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள இடம் இருந்தால் திருப்பி அனுப்பும். எல்லாம் தாண்டினால் முழுக்குழு வாக்கெடுப்பு. கடைசியில் நாடுகளின் வாக்கு, நாட்டுக்கு ஒன்று. ஐஎஸ்ஓவில் இந்தியாவின் இருக்கை பிஐஎஸ் அமைப்புடையது. நகைக்கடையில் ஹால்மார்க் முத்திரை பார்த்து வாங்குகிறோமே, அதே அமைப்பு. தரத்தின் அச்சுப் பிரதியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று நான் ஒரு சாக்கு வைத்திருந்தேன். வரைவுகள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

இந்த வழியாக உள்ளே வந்தவற்றின் கதைகளைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அலெக்ஸாண்டர் ஸ்டெபனோவ் என்று ஒருவர், மாஸ்கோவில் பிறந்தவர். வரிசைப்படுத்துதல், தேடுதல், பட்டியல் என்று தினசரி வேலைக்குத் தேவையானதையெல்லாம் பொதுவான வார்ப்புகளாக அமைக்கலாம் என்று வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1993 நவம்பரில் சான் ஹோசேயில் நடந்த கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொன்னார்கள். தரம் ஏறக்குறைய முடியும் நிலை, புதிதாக எதுவும் வேண்டாம் என்று இருந்த நேரம். இருந்தும் 1994 ஜூலையில் கனடாவின் வாட்டர்லூவில் அந்த வார்ப்புகளின் நூலகம் முழுவதையும் வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள். இன்று சி++ என்றாலே அதுதான் பாதி. நான் என் மாணவர்களுக்கு அதில் ஒரு வரிகூடச் சொன்னதில்லை. டர்போவில் அது கிடையாது, அதனால் என் உலகத்திலும் கிடையாது.

எதிர்க்கதையும் உண்டு. 'கான்செப்ட்' என்ற அம்சத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்து, வரைவுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். 2009 ஜூலையில் ஃபிராங்க்ஃபர்ட் கூட்டத்தில் இது இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லி வாக்கெடுத்து வெளியே எடுத்தார்கள். ஸ்ட்ரௌஸ்ட்ரப்பே ஆசைப்பட்ட அம்சம் அது. வேறு வடிவத்தில், எளிமையாகி, 2020-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் உள்ளே வந்தது. 1998 தரத்தில் 'எக்ஸ்போர்ட்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு நிறுவனம்தான் அதைக் கஷ்டப்பட்டுச் செயல்படுத்தியது. அந்த நிறுவனத்தின் அனுபவத்தை வைத்து 2003-இல் குழுவுக்கு ஒரு தாள் வந்தது; யாரும் இந்த வேலையில் இறங்காதீர்கள் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. 2011 தரத்தில் அதை நீக்கிவிட்டார்கள். தவறாகச் சேர்த்ததை, தவறு என்று பதிவு செய்து, வாக்களித்து நீக்குகிற ஒரு சபை! நான் என் 'முக்கிய வினா'வை நோட்ஸிலிருந்து நீக்கியது யாருக்கும் தெரியாமல், ஒரு கோடை விடுமுறையில். நட்சத்திரத்தை மட்டும் அழித்தால் போதாது என்று அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டேன். எந்த மாணவனிடமும் காரணம் சொல்லவில்லை.

2018-இல் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்தது. 'இன்ட் மெயின்' வந்தது, 'யூசிங் நேம்ஸ்பேஸ்' வந்தது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான். புதிய புத்தகம் கைக்கு வந்ததும் எனக்கு என்னவோ விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. இனி நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. அடுத்த தவறு முதல் தவறைவிடப் பெரியது. முதலில் நடந்ததற்குக் கொஞ்சம் அறியாமையைக் காட்டித் தப்பிக்கலாம். இதற்கு அதுவும் இல்லை.

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறவர் ஒருவரின் மகன் என்னிடம் படித்தவன். கல்லூரிக்குப் போன பிறகும் வருவான். அப்பாவின் கடைக்காகப் பைத்தானில் ஒரு கணக்கு நிரல் எழுதியிருந்தான். விவசாயி பெயர், சரக்கு, எடை, விலை, கமிஷன், கூலி கழித்து மீதி என்று சிட்டை அடிக்கும். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் அழைத்தார்கள். முருங்கை மூட்டைகளுக்கு நடுவில் பிரிண்டர். மாத மொத்தத்தை அவன் அப்பா என்னிடம் நீட்டினார்.

"சார், இந்தக் கமா ஏன் இங்க நிக்குது? பன்னண்டரை லட்சம் எங்க இருக்குன்னு நானும் தேடுறேன்."

தாளில் 1,250,000 என்று இருந்தது. நாம் எழுதுவது 12,50,000.

பைத்தானில் எண்ணுக்குக் கமா போடும் வசதி சேர்ந்த கதை மிகச் சின்னது. அங்கே மாற்றம் வேண்டுவோர் எழுதும் தாளுக்குப் பெப் என்று பெயர். 2009 மார்ச்சில் ரேமண்ட் ஹெட்டிங்கர் என்பவர் 378-ஆம் பெப்பை எழுதினார். அந்த ஜூனில் வெளிவந்த பைத்தான் 3.1-இல் அது இருந்தது. மூன்று இலக்கத்துக்கு ஒரு கமா. லட்சம், கோடி என்று எண்ணுகிறவர்களின் கணக்கு அந்தச் சிறிய வசதிக்குள் வரவில்லை. கணினியின் வட்டார அமைப்பு வழியாகச் சுற்றிப் போய்க் கொண்டுவரலாம்; அது அந்தந்தக் கணினியைப் பொறுத்தது, கடைக் கம்ப்யூட்டரில் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், நிரலுக்குள் எண்ணை எழுதும்போது மட்டும் நம் இஷ்டம். பைத்தான் 3.6-இலிருந்து 12_50_000 என்று அடிக்கோடு போட்டு எழுதலாம். சி++ 2014 தரத்திலிருந்து 12'50'000 என்று எழுதலாம். இலக்கங்களுக்கு நடுவில் பிரிப்பானை எங்கே வேண்டுமானாலும் வைக்க இரண்டும் அனுமதிக்கின்றன. உள்ளே லட்சமாகப் போகிறது, வெளியே மில்லியனாக வருகிறது.

அதே பையன் கல்லூரிக்காகத் தமிழ்ச் சொற்களை எண்ணும் நிரல் ஒன்றும் எழுதினான். பைத்தானில் 'சொல்லில் வரக்கூடிய எழுத்து' என்பதைக் குறிக்க, பின்சாய்கோடு போட்டு டபிள்யூ என்று எழுதுவார்கள். ஆங்கிலத்துக்கு அருமையாக வேலை செய்யும். அவன் சோதனைக்கு 'திண்டுக்கல்' என்று கொடுத்திருக்கிறான். ஒரு சொல் வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தன: த, ண, ட, க, கல. துணைக்குறிகளையும் புள்ளியையும் அந்தக் குறியீடு எழுத்தாக ஏற்பதில்லை. எங்கே கொம்போ சுழியோ புள்ளியோ வருகிறதோ அங்கே வெட்டிவிடும். இதைக் குறை என்று 2011-லேயே டாம் கிறிஸ்டியன்சன் என்ற பெர்ல் நிபுணர் பதிவு செய்திருக்கிறார். தனியாக ஒரு நூலகத்தைச் சேர்த்துக்கொண்டால் சரியாக வரும். மொழியோடு கூடவே வருவதில் அப்படியே இருக்கிறது.

"இதுக்கு நாமளே எழுதிக் கேக்கலாமா சார்?" என்றான்.

இந்தத் தடவை நான் 'அமெரிக்காக்காரன்' என்று சொல்லவில்லை. எனக்கு வழி தெரியும். முதலில் யோசனையைப் பொதுவில் வைத்துப் பேச வேண்டும். மொழியின் மையக் குழுவில் ஒருவர் இதை நான் தாங்குகிறேன் என்று முன்வர வேண்டும். பிறகு பெப் எழுத வேண்டும்: ஏன் தேவை, எப்படி இருக்கும், பழைய நிரல்களுக்கு என்ன ஆகும், யோசித்துக் கைவிட்ட வழிகள் எவை. கைவிட்டதற்கென்றே தனிப் பகுதி! எந்தப் பாடத்திட்டத்திலும் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கடைசியில் ஐந்து பேர் கொண்ட குழு முடிவு சொல்லும். அந்தக் குழு அமையும்வரை எல்லாவற்றையும் மொழியைப் படைத்த கைடோ வான் ராசமே தீர்மானித்துவந்தார். := என்ற குறியைச் சேர்க்கும் 572-ஆம் பெப் பற்றி வந்த சண்டை ஓய்ந்த கையோடு, 2018 ஜூலையில், போதும் என்று அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். 2019 தொடக்கத்தில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதையெல்லாம் அவனிடம் விரிவாகவே சொன்னேன். "நான் எழுதறேன்ப்பா. கமா விஷயத்தை முதல்ல எழுதுவோம், அதுதான் சின்னது" என்று வாக்கும் கொடுத்தேன். இரண்டு பக்கம் எழுதவும் செய்தேன். ஒட்டன்சத்திரச் சிட்டையைக்கூட எடுத்துக்காட்டாக வைத்தேன். அனுப்பவில்லை.

அவன் கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் சொன்னேன். ஆங்கிலத்தை ஒருதரம் சரிபார்க்கணும் என்றேன். பொதுத்தேர்வு முடியட்டும் என்றேன். யாராவது ஏற்கெனவே கேட்டிருப்பார்கள் என்றேன். அப்புறம் அவன் கேட்பதை விட்டுவிட்டான். கமா போட அவனே ஒரு துணை நிரல் எழுதிக்கொண்டான். கடையில் அது நன்றாக ஓடுகிறது.

ஆங்கிலம் என்பது பொய்ச் சாக்கு. ஸ்ட்ரௌஸ்ட்ரப்புக்குத் தாய்மொழி டேனிஷ். வான் ராசம் நெதர்லாந்துக்காரர். ஸ்டெபனோவ் ரஷ்ய மொழிக்காரர். நிரலில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்ற வசதியைப் பைத்தானுக்குக் கொண்டுவந்த 3131-ஆம் பெப்பை 2007-இல் எழுதிய மார்ட்டின் ஃபான் லோவிஸ் ஜெர்மானியர். இவர்கள் யாரும் அம்மா மடியில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இல்லை.

உண்மைக் காரணம் வேறு. அனுப்பினால் பதில் வரும். பதிலில் கேள்வி வரும். ஈரானில், நேபாளத்தில், சீனாவில் எப்படிப் பிரிக்கிறார்கள்? தசம எண்ணுக்கு என்ன செய்வது? வட்டார அமைப்பு இருக்கும்போது இது எதற்கு? எனக்குப் பதில் தெரியாத கேள்வி வரும், அதுவும் எல்லோரும் பார்க்கிற இடத்தில். வாழ்நாளெல்லாம் பிறரைப் பரீட்சை எழுதவைத்துச் சம்பளம் வாங்கியவன், ஒரு பரீட்சைக்குப் பயந்து பேப்பரைக் கொடுக்காமல் எழுந்துவிட்டேன். 'இன்ட் மெயின்' எழுதிய பையன் கொடுத்தானே!

அனுப்பியிருந்தாலும் ஏற்றிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மறுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். டபிள்யூ விஷயத்தில் மறுப்புக்கு நல்ல காரணமும் இருக்கிறது. அதன் பொருளை இன்று மாற்றினால், பழைய பொருளை நம்பி உலகம் முழுதும் ஓடிக்கொண்டிருக்கிற நிரல்கள் சத்தமில்லாமல் வேறு விடை தரும். எங்கள் ஊரில் இருந்துகொண்டு பூட்டை இழுக்காமல் எழுத முடியாது, ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்: விற்றுப்போன பூட்டுகளின் சாவி எல்லாம் வீடுவீடாக இருக்கிறது, புதுப் பூட்டும் அந்தச் சாவிக்கே திறக்க வேண்டும் என்பதுதான் இந்தக் குழுக்களின் தலைவலி. ஜாவாஸ்கிரிப்டில் 2018-இல் 'ஃபிளாட்டன்' என்று ஒரு வசதியைச் சேர்க்கப் போனார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரைத் தனக்கென்று வைத்திருந்ததால் சில இணையதளங்கள் உடைந்தன. விவாதித்து, பெயரை 'ஃபிளாட்' என்று குறைத்துத்தான் 2019 தரத்தில் சேர்த்தார்கள். கைவிடப்பட்டு வருஷக்கணக்காகிவிட்ட ஒரு நூலகத்துக்காக! எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது. கேட்டதையெல்லாம் சேர்த்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல, 1628-இல் முதல் பயணத்திலேயே கவிழ்ந்த வாசா என்ற ஸ்வீடன் கப்பலை நினைவுபடுத்தி ஸ்ட்ரௌஸ்ட்ரப்பும் 2018-இல் ஒரு தாள் எழுதினார்.

ஆனால் மறுக்கப்பட்ட தாளும் அங்கே எண்ணோடு இருக்கும். வான் ராசமே 2006-இல் 'ஸ்விட்ச்' அமைப்பு வேண்டும் என்று 3103-ஆம் பெப்பை எழுதினார். அடுத்த ஆண்டு மாநாட்டில் கை தூக்கச் சொல்லிப் பார்த்தார், ஆதரவு இல்லை, நிராகரித்துவிட்டார், தன் தாளைத் தானே. ஏன் என்று எழுதியும் வைத்தார். அதே தேவைக்கு, வேறு வடிவத்தில், 2021-இல் பைத்தான் 3.10-இல் 'மேட்ச்' வந்தது. மறுப்பு என்றால் காரணம் எழுதிய ஒரு பக்கமாவது மிச்சம். என் இரண்டு பக்கத்துக்கு எண்ணும் இல்லை, காரணமும் இல்லை. பழைய லேப்டாப்போடு அதுவும் போய்விட்டது.

தமிழர்கள் யாரும் இந்த மாதிரிக் குழுக்களின் கதவைத் தட்டவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே அதைச் சொல்லித் திரிந்தவன். கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு தரத்திலும் இப்படித் தாள் எழுதித்தான் ஓர் எழுத்தைச் சேர்க்க முடியும். தமிழ்ப் பின்னங்களும் நிலம், நெல், காசு அளக்கப் பயன்பட்ட பழைய குறிகளும் அதில் இல்லாமல் இருந்தன. ஸ்ரீரமண சர்மா அவற்றுக்காக முன்மொழிவுகள் எழுதினார். கேள்விகள் வந்தன, மாற்றுக் கருத்துகள் வந்தன, ஆண்டுகள் ஓடின. 2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12.0-இல் 'தமிழ்ப் பிற்சேர்க்கை' என்று 51 குறிகள் சேர்ந்தன. அதில் முதல் குறி முந்திரி, 320-இல் ஒரு பங்கு. இன்னொரு பக்கம் முத்தையா அண்ணாமலை, காத்திருக்காமல் 'எழில்' என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழி செய்து 2009-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பைத்தானில் தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் 'ஓப்பன் தமிழ்' நூலகத்தின் பின்னாலும் அவர் உழைப்பு உண்டு. ஒருவர் சபைக்குப் போய் வாதாடினார். மற்றவர் தன் வீட்டிலேயே செய்துகொண்டார். நான் இரண்டும் செய்யாமல், இரண்டு பேரைப் பற்றியும் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லாமல், பணி ஓய்வு பெற்றேன்.

இன்று இந்த ஊரிலும், சின்னாளப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கப் பள்ளிகளிலும் கணினி நடத்துகிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "இதை யார் சார் மாத்துறது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு பெப்பைத் திரையில் திறந்து காட்டுங்கள். 378 சின்னது, ஒரு பீரியடில் படித்துவிடலாம். லட்சத்துக்குக் கமா போடும் வசதி அதற்குள் இல்லை; அதைக் கேட்டு ஒருவர் எழுத வேண்டும். உங்கள் வகுப்பில் அந்தப் பிள்ளை இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன். அனுப்பும் பொத்தானை மட்டும் அந்தப் பிள்ளையே அழுத்தட்டும், என்னை நம்ப வேண்டாம்.